நட்சத்திரம் இல்லாத ஜக்

கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். எனக்கு வந்த கோபத்தில் நான் பாத்திரங்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

மாமியார் இறந்தபின் சாமான்களைப் பிரித்தபோது, நாத்தனார் ஒவ்வொரு கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தார். எல்லாவற்றின் அடியிலும் புடைப்பாக ஒரு குட்டி நட்சத்திரம். செய்த தொழிற்சாலையின் முத்திரை அது. அதே திராட்சைக்கொடி வேலைப்பாடுள்ள ஜக்கில் மட்டும் நட்சத்திரம் இல்லை. மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் அந்த ஜக்கில்தான் அவருக்குத் தண்ணீர் வைத்தேன்.

"அசலை வித்துட்டு, போலியைக் கொண்டுவந்து வச்சிருக்கா" என்றார் நாத்தனார், கூடத்தில் இருந்த அத்தனை உறவுக்கும் கேட்கும்படி. "நெருப்பில்லாம புகையுமா?"

என் கணவரைப் பார்த்தேன். அவர் சன்னல் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அதன்பிறகு யாரும் என்னைத் திருடி என்று கூப்பிடவில்லை. நான் போகிற வீடுகளில் பீரோவைப் பூட்டுகிற சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பெற்ற தாய்க்குச் செய்வதுபோல் செய்துவிட்டு இந்தப் பெயரா என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். அச்சுக் கண்ணாடி செய்யும் விதத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் விட்டு மேலிருந்து அழுத்துவார்கள். அச்சு வெட்டுகிறவரின் உளி எங்காவது வழுக்கியிருந்தால், அந்தத் தழும்பு அதிலிருந்து வரும் எல்லாப் பாத்திரத்திலும் இருக்கும். எங்கள் ஜக்கில், கைப்பிடிக்குக் கீழே உள்ள இலையின் குறுக்கே புடைத்த ஒரு கோடு உண்டு. அதே இலையில் அதே கோட்டோடு, நட்சத்திரமும் உள்ள ஒரு ஜக் எனக்கு வேண்டும். நாய் படாத பாடு பட்டேன். கடைக்காரர்கள் எனக்கு 'இலைக்காரம்மா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பெயின்டர் தூரிகைகளை ஊறவைத்திருந்த ஜக்கில் அந்தக் கோடும் நட்சத்திரமும் இருந்தன.

நாத்தனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த நாளில் இரண்டையும் மேசைமேல் வைத்தேன். அவர் விரலைப் பிடித்து ஓர் இலைமேல் வைத்தேன், பிறகு மற்றதன்மேல்.

"ரெண்டும் ஒரே அச்சு, அண்ணி. இதுல நட்சத்திரம் இருக்கு, ஆனா கோடு மழுங்கியிருக்கு. அச்சு தேய்ஞ்ச பிறகு செஞ்சது. நம்ம ஜக்குல கோடு கூரா இருக்கு பாருங்க. முத்திரை குத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே செஞ்சது. இதுதான் அசல். நான் எதையும் விக்கல."

"அட, அதையா இன்னும் மனசுல வச்சிருக்க? என்ன சொன்னேன்னே எனக்கு ஞாபகமில்ல."

"எனக்கு இருக்கு. அன்னிக்குச் சொன்ன அதே சத்தத்துல, நான் திருடலன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் கையை விடமாட்டேன்."

முதலில் முனகினார். நான் பிடியைத் தளர்த்தவில்லை. மறுபடி சொன்னபோது அடுப்படியில் இருந்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். கையை விட்டேன்.

என் கணவருக்கு இப்போது பேச்சு வந்தது.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் தன் அக்கா புருஷனிடம், பெருமையாக. "எங்க வீட்டு ஜக் இதேதான். சின்னப் பையனா இருக்கும்போது இந்தக் கோட்டை நகத்தால சுரண்டிக்கிட்டே இருப்பேன். அம்மா திட்டுவாங்க."

நாத்தனார்மேல் இத்தனை காலம் வளர்த்த கோபமெல்லாம் இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒரு வார்த்தை. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் போதும்.

என் கணவரின் விரலைப் பிடித்து இலைமேல் அழுத்தினேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. உங்களுக்கு எப்பவே தெரியும்?"

அவர் கண் சன்னல் பக்கம் போனது.

"கொக்கி நல்லாத்தான் இருக்கு" என்றேன். "என்னைப் பாருங்க."