பாதித் துணி

அருள்முருகன் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகப் போனான். அப்போதுதான் ஆனந்தமேரி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்து ஓடிவந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி!"

நேற்று மதியத்திலிருந்து அவள் வாய்திறந்து பேசியது அதுதான் முதல் தடவை. கூடத்தில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கணவன் செத்து ஒரு நாள் ஆகியும் அழாதவள், காருக்காக ஓடிவருகிறாளே என்று அவர்கள் நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

காரை எடுக்கச் சொன்னவர் லூர்துநாதன், செத்துப்போன சூசைநாதனின் அண்ணன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. சாரம் பகுதியிலிருந்த அந்த வீடு இருபக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியது, பின்வழி கிடையாது. முன்பக்கம் முழுக்க மெக்கானிக் ஷெட். ஷெட்டுக்குள் வேலைக்கு விட்டிருந்த அருள்முருகனின் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று மணிக்குக் கோயில் வண்டி வந்துவிடும். காரை நகர்த்தாமல் பெட்டியை வெளியே கொண்டுபோக வழியில்லை.

"என்னா மேரி? நேரமாவுதுல்ல?" என்றார் லூர்துநாதன்.

"உள்ள துணி இருக்குமோன்னு தோணுது மாமா."

"எந்தத் துணி?"

காலையிலிருந்து ஆளாளுக்கு ஒன்று கேட்டபடி இருந்தார்கள். எந்த கோட்டு? டை கட்டலாமா? பூசைக்கு எந்த சாமியார்? எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தாள். எதற்கு ஆமாம் என்றாள், எதற்கு இல்லை என்றாள் என்பது அவளுக்கே தெரியாது. மனம் முழுக்க மடியிலிருந்த பிளாஸ்டிக் பையிலேயே கிடந்தது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த பை. அவருடைய சட்டை, வாட்ச், பர்ஸ், அப்புறம் இந்தக் காரின் சாவி. சாவியில் மஞ்சள் துணி ஒன்று முடிபோட்டுக் கட்டியிருந்தது.

அந்தத் துணியின் அர்த்தம் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் ஐஸ் பெட்டிக்குள் கோட்டு போட்டுப் படுத்திருந்தார்.

சூசைநாதன் ஓடுகிற காருக்கு இன்னும் வேகம் ஏற்றித் தருகிற மெக்கானிக். ஈசிஆரில் பறப்பதற்கென்றே கார் வைத்திருக்கும் ஆட்கள் கடலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும்கூட அவரைத் தேடி வருவார்கள். இந்தக் காரில் சூப்பர்சார்ஜர் இருந்தது. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஏற்றுகிற பம்பு. அதற்குக் குளிர்ந்த காற்று வேண்டும் என்று பானெட்டை வெட்டி முன்பக்கம் பார்த்து ஒரு மூக்கு வைத்து, அங்கிருந்து எஞ்சின்வரை புதுக் குழாய் இழுத்திருந்தார். இருபது நாள் வேலை.

"எஞ்சின்கிட்ட இருக்கிற காத்து சூடு, சூடான காத்து மெலிசு. வெளிக்காத்துதான் கெட்டி. வண்டி போற வேகத்துலயே அத உள்ள திணிக்கணும்" என்று சாப்பிடும்போதும் அதையேதான் சொல்வார்.

"காத்த அப்பறம் திணிக்கலாம், மொதல்ல சோத்தத் தின்னுங்க" என்பாள் மேரி.

குழாயைக் கழற்றினால் எஞ்சினின் வாய் திறந்து கிடக்கும். ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் போச்சு. அதனால் அந்த வாயில் துணி வைத்து அடைப்பது மெக்கானிக்குகள் எல்லோருக்கும் வழக்கம். அதை எடுக்க மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்கிறவர்களும் உண்டு. "சாதா எஞ்சின் காத்த இழுக்கும். இது புடுங்கும். துணி இருந்திச்சின்னா அதையும் சேத்துப் புடுங்கிடும், அப்பறம் எல்லாம் குப்பைதான்." சூசைநாதன் வேலை கற்ற இடத்தில் ஒரு தடவை அப்படி நடந்து, ஒருவன் வேலையை விட்டே ஓடிப்போனானாம். அன்றிலிருந்து அவருக்கு ஒரு கட்டுப்பாடு. மேரியின் பழைய சேலையில் ஒரு துண்டு வாங்கி இரண்டாகக் கிழிப்பார். பாதி எஞ்சின் வாயில். பாதி சாவியில். உள்ளே இருப்பதை எடுத்த பிறகுதான் சாவியில் இருப்பதை அவிழ்ப்பார். இருபத்தெட்டு வருஷம் இது தவறியதில்லை.

இதை எல்லாம் அவள் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். லூர்துநாதனுக்குப் பாதிதான் விளங்கியது. அருள்முருகனுக்கு முழுக்க விளங்கிவிட்டது. சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு இறங்கினான். அவனிடம் இருந்தது மாற்றுச் சாவி.

"ஆனா அண்ணி, அண்ணன் எனக்கு போன் பண்ணாரே. ரெண்டு பத்துக்கு. 'முடிஞ்சிச்சி, வந்து எடுத்துக்க'ன்னாரு. குழாய்லாம் மாட்டித்தான் இருக்கு, பாருங்க."

"குரல் எப்டி இருந்திச்சி?"

"எப்பவும்போலத்தான்." கொஞ்சம் யோசித்தான். "இல்ல, ரெண்டு தடவ சொன்னாரு. சொன்னதையே."

முடிஞ்சிச்சி என்று சொன்னால் முடிந்திருக்க வேண்டும். அவர் வாயில் அரைகுறை வேலை முடிந்ததாக வந்ததே கிடையாது. சாவியில் துணி இருந்தால் உள்ளேயும் துணி இருக்க வேண்டும். அதுவும் பொய்த்ததே கிடையாது. இரண்டில் ஒன்று பொய். துணியை எடுத்துவிட்டு முடிச்சை மட்டும் அவிழ்க்க விட்டுப்போயிருந்தால் பரவாயில்லை, அலுப்பில் யாருக்கும் வருவதுதான். ஆனால் துணியை உள்ளேயே வைத்துக் குழாயை மாட்டியிருந்தால்? ரெண்டு மணிக்கே அவர் அவராக இல்லை என்று அர்த்தம்.

நேற்று ஒரு மணிக்குச் சாப்பிடும்போது அவர் தோளைத் தேய்த்தார். "கேஸா இருக்கும்" என்று இவள்தான் ஓமத்தண்ணி கொடுத்தாள். "கொஞ்சம் படுங்களேன்" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் ஷெட்டுக்குப் போனார். இவள் ஃபேனைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டாள், நன்றாகத் தூங்கியும்விட்டாள். ரெண்டரைக்கு நாற்காலி விழுந்த சத்தத்தில்தான் விழித்தாள். ஆம்புலன்ஸ் கோரிமேடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

துணி உள்ளே இருக்கக் கூடாது. ஆண்டவரே, இருக்கவே கூடாது.

"தள்ளிடலாமே?" என்றார் லூர்துநாதன்.

"முடியாதுங்க. ரோட்ட ஒசத்திப் போட்டு ஷெட்டு பள்ளமாயிடிச்சி. ரெண்டு டன் வண்டி, மேல ஏறாது" என்றான் அருள்முருகன்.

"அப்ப ஸ்டார்ட் பண்ணித்தான் ஆவணும். தம்பி, அவ ஏதோ அதிர்ச்சில கொழம்பிப் போயிருக்கா. என் தம்பி வேலையில தப்பு வராது. நீ எடு."

மேரி பலகையில் மாட்டியிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பானெட்டைத் தூக்கச் சொன்னாள்.

"அம்மா, என்னம்மா பண்ற? எல்லாரும் பாக்குறாங்க" என்று மகள் வெரோனிகா ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"வுடுடி. நட்டு விழுந்தா எடுக்கறதுக்கு உங்கப்பா என்னத்தான் கூப்புடுவாரு. என் கைதான் சின்னது."

குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப் மூன்று சுற்றில் தளர்ந்தது. எப்போதும் அவர் இறுக்கமாகத்தான் முடுக்குவார், இதுவோ கையாலேயே திருகிவிடுகிற அளவுக்குத் தளர்வாக இருந்தது. அருள்முருகன் போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். மற்றவர்கள் கூடத்து வாசலிலேயே நின்றார்கள். அங்கிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரியும்.

கையை உள்ளே விட்டாள். குளிர்ந்த உலோகம். அதைத் தாண்டி விரலில் மெத்தென்று ஏதோ பட்டது. காலையில் முகத்தைத் துடைக்கப் போனபோது அவர் மூக்கில் வைத்திருந்த பஞ்சும் இப்படித்தான் பட்டது.

"என்னாம்மா, இருக்கா இல்லியா?" என்று லூர்துநாதன் கேட்டார்.

துணியை உள்ளேயே கசக்கி உள்ளங்கைக்குள் சுருட்டினாள். முந்தானையை இழுத்துக் கையின்மேல் போட்டு வெளியே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மஞ்சள் ஓரம் ஒரு விரல்கடை வெளியே தெரிந்தது. டார்ச் வெளிச்சம் நேராக அதன்மேல்தான் விழுந்திருந்தது. நிமிர்ந்து அருள்முருகனைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல தம்பி."

அருள்முருகன் டார்ச்சை அணைத்தான்.

"சரிங்க அண்ணி" என்றான். பிறகு திரும்பி எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, "சுத்தமா இருக்கு. அண்ணன் எடுத்துட்டுத்தான் மாட்டியிருக்காரு" என்றான்.

"நான் அப்பவே சொன்னேன்ல!" லூர்துநாதன் சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. "அவன் கை வச்சா தப்பே வராது. சின்னப் புள்ளையிலேருந்து அப்பிடித்தான்."

அருள்முருகன் குழாயை மாட்டிக் கிளாம்பை முடுக்கினான். ஒரு தடவை முடுக்கி, சந்தேகப்பட்டு இன்னொரு தடவை முடுக்கினான். கார் ஒரே திருகலில் கிளம்பியது. பானெட்டின் மூக்கு வழியாகக் காற்று இறங்கும் சத்தம் ஷெட்டுக்குள் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் சூசைநாதன் இருபது நாளாகக் காத்திருந்தார். மேரி கண்ணை மூடிக்கொண்டு அவருக்காகவும் சேர்த்துக் கேட்டாள். கார் முனகிக்கொண்டே பள்ளத்திலிருந்து மேலேறித் தெருவோரம் போய் நின்றது.

கோயில் வண்டி வந்தது. பெட்டியை மூடுமுன் வெரோனிகா அப்பாவின் கையை முத்தமிட்டுக் கதறினாள். சோப்புப் போட்டு எவ்வளவு தேய்த்தும் அந்த நகக்கண்களில் கறுப்பு போகவில்லை. மேரி குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். மூக்குப் பஞ்சைப் பார்க்காமலிருக்க முயன்றாள், முடியவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள். அது அவரைக் கேட்டதா, தன்னையே கேட்டுக்கொண்டதா என்று பக்கத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை.

பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் பின்தங்கினாள். பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். முடிச்சு எண்ணெயில் ஊறி இறுகிக் கிடந்தது. நகத்தால் ஆகவில்லை. வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் அவிழ்ந்தது.

அருள்முருகன் காரோரம் நின்றிருந்தான். வெறும் சாவியை அவனிடம் நீட்டினாள்.

"வேல முடிஞ்சிச்சி தம்பி. எடுத்துக்குங்க."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வெரோனிகா வண்டியிலிருந்து கூப்பிட்டாள். மேரி அவிழ்த்த துணியையும் இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். வாயெல்லாம் எண்ணெய் கசந்தது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். வேண்டாம் என்று தலையாட்டினாள்.