நடிப்புக்குப் பத்துக்கு ஒன்பது

வந்திருந்தவர்கள் நால்வர். சன்னலோரம் தலைவன் ஹால்வர். அவனுக்கு வலப்பக்கம், வாஃபிள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மாரித். கதவை ஒட்டி, குறிப்பேட்டோடு செயலாளர் சிக்னே. நடுவில் தனி நாற்காலியில், நோயாளியாக, யோஸ்தைன். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று முதலில் எழுதிவிட வேண்டும். வோஸ் ஊர்ப் பள்ளியில் படிந்த பழக்கம், ஐந்தாம் ஆண்டு மருத்துவத்திலும் சிக்னேயை விடவில்லை.

அடுத்த வாரம் மருத்துவ மாணவர்களின் மனநல மன்றத்தின் சார்பில், நார்வேயின் பெர்கன் நகரப் பள்ளிகளுக்குப் போய், மனதில் இருப்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் பேச வேண்டும். அதற்கான ஒத்திகை. பெட்டியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதில் எழுதியிருக்கும் நோயாளியாக ஒருவர் நடிப்பார். மற்றவர்கள் விசாரித்து மதிப்பெண் போடுவார்கள்.

யோஸ்தைன் அட்டையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினான்.

"வார்டுல நாலாவது படுக்கை அம்மாவுக்கு மருந்த அதிகமா ஏத்திட்டேனோன்னு மூணு வாரமா ஒரே பயம். திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கறேன். நல்லாத்தான் இருக்காங்க. அவங்க மூச்ச எண்ணறேன். வீட்டுக்கு வந்தும் எதையாவது எண்ணிட்டே இருக்கேன். சாகணும்னு இல்ல. காலைல கண்ணு முழிக்காமப் போனாத் தேவலன்னு இருக்கு."

மாரித் வாஃபிளைக் கடிக்க மறந்திருந்தாள். ஹால்வர்தான் முதலில் கைதட்டினான்.

"டேய், நீ நாடகத்துக்குப் போயிருக்கணும்டா! நடிப்புக்குப் பத்துக்கு ஒன்பது. நிஜமா மட்டும் இப்பிடி இருந்தேன்னு வை, தகுதிக் குழுவுக்கு நானே எழுதிப் போட்டிருப்பேன்."

"எழுது, எழுது. உன் கிறுக்கல அவங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள இவன் ரிட்டயரே ஆயிடுவான்" என்றாள் மாரித்.

இவன் மருத்துவனாகத் தகுதியானவன்தானா என்று சந்தேகம் வந்தால் யார் வேண்டுமானாலும் அந்தக் குழுவுக்கு எழுதலாம். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். யோஸ்தைனும் சிரித்தான். சிக்னே ஒன்பது என்று குறித்துக்கொண்டாள்.

ஹால்வரும் மாரித்தும் போனபின் சிக்னே அட்டைகளைப் பொறுக்கினாள். நடு நாற்காலியில் கிடந்ததைத் திருப்பினாள். 'தபால்காரர், வயது ஐம்பத்தெட்டு. ஓயாமல் கை கழுவுகிறார்.' மறுபடி படித்தாள். தட்டிய கை இன்னும் எரிவதுபோல் இருந்தது.

யோஸ்தைன் மாடிப்படியருகே மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரே பொத்தானை, திரும்பத் திரும்ப. அவள் அட்டையை நீட்டினாள்.

"நடிச்சேன் சிக்னே."

"இதுல தபால்காரர்னு இருக்கு."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு இறங்க வழி தெரியாமல் அங்கேயே நின்றது. "குழுவுக்கு எழுதிடாத. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

சொன்னால் இவன் படிப்பு போய்விடுமோ? சொல்லாவிட்டால், நாளைக் காலை? இரண்டு பயத்தில் இரண்டாவதுதான் பெரிதாக இருந்தது.

"குழுவுக்கு இல்லடா. மாணவர்களப் பாக்கற டாக்டருக்கு. எதிர்க்கட்டிடம்தான், உள்ள இருப்பாங்க. வா, இப்பவே போய்ச் சொல்லலாம்."

"வாயத் திறந்தா எனக்கே நடிப்பு மாதிரி கேக்குது. கைதட்டல் கேக்குது."

அவள் படியில் உட்கார்ந்து குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். தேதி. இடம். அவன் சொன்ன வாக்கியங்கள், சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் மெருகேற்றாமல். கீழே பெயருக்கு இடம் விட்டுப் பேனாவைக் கொடுத்தாள். கையெழுத்துப் போட அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. எழுத்துகள் கோணிக்கொண்டு போயின.

தாளை ஓர் உறையில் போட்டு, நாவால் நனைத்து ஒட்டினாள். முற்றத்தை மழையில் கடந்தார்கள். மருத்துவரின் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. கதவில் தபால் போடும் துளையில் யோஸ்தைன் உறையைப் பாதி நுழைத்து நிறுத்தினான். சிக்னே தள்ளவில்லை. பிறகு அவன் விரல்கள் விட்டன. உறை உள்ளே தரையில் விழும் சத்தம் கேட்டது.

நாற்காலி ஒன்று நகர்ந்தது. காலடிகள் கதவை நோக்கி வரத் தொடங்கின. யோஸ்தைன் அவள் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அவற்றை எண்ணினான்.