பொட்டு வைத்த பெட்டி

எங்கள் ஃபேக்டரியில் என் அறைக்கு யாரும் வரவில்லை என்றால் அன்று எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் விருத்தாசலத்திலேயே வெற்றிகரமான மனிதன் நான்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, "சாப்பிடலாமா?" என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். இதுவரை மறுப்பு வந்ததில்லை.

மின்கம்பத்துக்கான பீங்கான் இன்சுலேட்டர் செய்கிற ஆலை. காகிதத்தில் நான் நெட்வொர்க் இன்ஜினியர். வாட்ச்மேனுக்கு நான் 'கம்ப்யூட்டர் ரூமு'. ஆள்கூட இல்லை, ரூமு.

ஷெட்டுக்கு ஷெட் ஒரு நெட்வொர்க் சுவிட்ச் உண்டு. சூளையின் சூட்டைக் காட்டும் திரை, போன், கேமரா, ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே கம்பியில்தான் போகும். ஒன்றின் பாதையில் இன்னொன்று நுழையாதபடி சுவிட்சுக்குள் பிரித்து வைத்திருப்பேன். அந்தப் பிரிவினைக்குப் பெயர் வி-லேன். ஒரு சுவிட்சில் பிரித்தால் மற்றவை தாமாகக் காப்பி அடித்துக்கொள்ளும். அவற்றுக்குள் ஒரு சட்டம்: எந்தப் பெட்டியில் அதிகத் தடவை மாற்றம் நடந்ததோ, அது சொல்வதே வேதம். சரியா தப்பா என்ற கேள்வி கிடையாது. எங்கள் சொந்தக்காரர்கள் பஞ்சாயத்திலும் அப்படித்தான். அதிகத் தடவை வாய் திறந்தவர் சொன்னதுதான் தீர்ப்பு.

ஷெட் ஷெட்டாக நடக்க வேண்டாம் என்று செய்த ஏற்பாடு இது. வெயில் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், நான் நுழைந்தால் எந்த ஷெட்டிலும் பேச்சு நின்றுவிடும். அதற்கு வெயிலே தேவலை.

ஆயுத பூஜையன்று காலை ஸ்டோர் பச்சமுத்து என் கதவைத் தட்டினார். கையில் சந்தனக் கிண்ணம், கக்கத்தில் ஒரு பழைய சுவிட்ச்.

"சார், எல்லா மிசினுக்கும் பூசை போடறோம். ஒங்க பக்கத்துலேருந்து ஒண்ணுமே வைக்கலன்னா சாமி கோச்சுக்காதா? இது ஸ்டோரு மூலையில கெடந்துச்சு. தொடச்சு, பட்டை போட்டு, பொட்டும் வச்சிட்டேன். உசுரு மட்டும் நீங்க குடுங்க."

மூடிவிட்ட பயிற்சிக்கூடத்துப் பெட்டி அது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் எழுதி எழுதி அழித்தது. ஆலையின் மற்ற சுவிட்சுகளுக்கு உள்ள அதே குழுப் பெயரும் பாஸ்வேர்டும் அதற்கும் உண்டு.

பூஜைக்கு வைத்திருந்த சரஸ்வதி படத்தின் அடியில், எடைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். ஒரே ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

"என்னா சார், கண்ணு தொறந்துருக்குது, ஆனா சிமிட்டலியே. செத்தவன் பாக்குற மாதிரி இருக்குது. புள்ளைங்கல்லாம் வந்துருக்காங்க, மினுக்கு மினுக்குன்னு இருந்தாத்தான அழகு?"

சிமிட்ட வேண்டுமானால் நெட்வொர்க் கேபிளை மாட்ட வேண்டும். மாட்டும் முன் அந்தப் பெட்டியின் பழைய மாற்றக் கணக்கை அழித்தாக வேண்டும். பாடம் எனக்கு மனப்பாடம். ஆனால் புகார் எதுவும் இல்லாமல் ஒருவர் என் கதவைத் தட்டியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் மனிதன் கேபிள் என்ன, கழுத்தையே நீட்டுவான். கணக்கை அழிக்காமலே, பக்கத்து சுவிட்சிலிருந்து வந்த கேபிளை மாட்டினேன்.

வரிசையாக விளக்குகள் மினுக்கின. பிள்ளைகள் கைதட்டினார்கள். என் தொழிலுக்குக் கிடைத்த முதல் கைதட்டல்.

கற்பூரம் அணைவதற்குள் போன்கள் செத்தன. கேமராக்கள் இருண்டன. எல்லாவற்றையும்விட அதிகத் தடவை மாறியது பொட்டு வைத்த பெட்டிதான். ஆலையின் ஒவ்வொரு சுவிட்சும் தன்னிடமிருந்த பிரிவினையை அழித்துவிட்டு அதன் வெறுமையைக் காப்பி அடித்துக்கொண்டது. கேபிளைப் பிடுங்கினேன். போனது போனதுதான்.

பிறகுதான் சூளை நினைவுக்கு வந்தது. பண்டிகைக்கும் அணையாத சூளை. அங்கே அம்புஜவல்லி தனியாக இருந்தார். பாலிஷ் மேசையிலிருந்து இந்த மாதம்தான் சூளைப் பொறுப்புக்கு வந்தவர். சூளையில் பொம்பளையா என்று முணுமுணுத்தவர்களிடம் மேனேஜர் சொல்லியிருந்தார்: "ஒரு லோடு பாழாவட்டும், மறுநாளே பழைய எடத்துக்கு அனுப்பிடறேன்."

தினமும் ஆபீஸ் போனில் பேசுகிற குரல்தான். மொபைல் எண் என்னிடம் இல்லை. கேட்பதற்கு ஒரு காரணம் அமையவில்லை. லேப்டாப்போடு சூளைக்கு ஓடினேன்.

"யாருங்க அது? வெளியாளுங்க இங்க வரக் கூடாது."

"நான்தாங்க... கம்ப்யூட்டர் ரூமு."

"அய்ய, நீங்களா சார்! கொரல வச்சு நல்லா குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்." சொல்லிக்கொண்டே அடுத்த மீட்டருக்கு ஓடினார். "திரை பூரா கறுப்பாயிடுச்சு. இந்தக் கோடியில பாத்துட்டு அந்தக் கோடிக்குப் போறதுக்குள்ள இங்க மாறிடுது. ஒத்த ஆளு எத்தினிய பாக்கறது?"

"என்னாலதாங்க இப்படி ஆச்சு."

"அத அப்பறமா அழுங்க. இப்ப சரியாவுமா ஆவாதா?"

ஒரு பெட்டியில் எழுதி மற்றவற்றுக்குப் பரவ விடுவதுதான் என் கைக்குப் பழக்கம். இன்று அவசரத்தில் நான் ஒன்றைத் தப்பாகத் தட்டினால் அதுவும் சேர்ந்து பரவும். தரையில் உட்கார்ந்தேன். சூளை சுவிட்சை இனி யார் பேச்சையும் கேட்காதபடி மாற்றினேன். அங்கிருந்த மீட்டர்களுக்கும் திரைக்கும் உரிய பாதையை வரி வரியாக எழுதினேன்.

திரை வந்தது. நடுவில் ஓர் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

"பர்னரு அணைஞ்சிருக்குது!" அம்புஜவல்லி பாய்ந்து போய்ப் பற்றவைத்தார். எண் இறங்குவது நின்று மெல்ல ஏறத் தொடங்கியது. இறங்கிய நேரத்தில் உள்ளே என்ன விரிசல் விட்டது என்பதை எந்தத் திரையும் சொல்லாது.

மற்ற ஷெட்டுகளுக்கு நடந்தே போனேன். பொரிப் பொட்டலத்தோடு எல்லோரும் வீடு போய்விட்டார்கள். சந்தனம் பூசிய மெஷின்களும் வாழைக்கன்றுகளும்தான் இருந்தன. ஒவ்வொரு சுவிட்சையும் தனித்தனியாக எழுதி, 'இனிமேல் யாரையும் எதிர்பார்க்காதே' என்று மாற்றிவிட்டு வந்தேன். அந்த உபதேசத்துக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைத்திருக்க மாட்டான்.

மறுநாள் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன், சூளைக்காரர் மீது தப்பில்லை என்பதையும். அவர் என் முகத்தைப் பார்த்து, "யார் தப்புன்னு இன்சுலேட்டருக்குத் தெரியாதுய்யா. சூளைக்குள்ள இருக்கற வண்டி வெளிய வரட்டும்" என்றார்.

இன்சுலேட்டர்களை அடுக்கிய வண்டிகள் தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்து சூளையைக் கடந்து, ஆறி வருவதற்குள் சூளையிலிருந்து எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. திரை நன்றாக ஓடியது. போன் நன்றாக வேலை செய்கிறதா என்று நான்தான் அடிக்கடி எடுத்துப் பார்த்தேன்.

வண்டி வந்த அன்று யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். அம்புஜவல்லி மரச்சுத்தியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். கணீர் என்றால் நல்லது. மொத்தென்றால் உள்ளே விரிசல். கணீர். கணீர். மொத். எடுத்துத் தள்ளி வைத்தார். அடுத்ததும் மொத். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டார். அம்புஜவல்லி அவர் பக்கம் திரும்பாமல் அடுத்ததைத் தட்டினார். கணீர். கணீர். வரிசையாகக் கணீர். வண்டி முடியும் வரை இருந்த மேனேஜர், "எப்பவும் பாழாப் போற அளவுதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அம்புஜவல்லி மூச்சு விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"இன்னும் வண்டிங்க இருக்குது சார். நிக்கறதா இருந்தா அந்தச் சுத்திய எடுங்க. சும்மா நின்னா தூசிதான் திம்பீங்க."

எடுத்துத் தட்டினேன். என் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

"இது நல்லதுங்களா?"

"ம்."

"இது?"

"சார், அதையேதான் மறுபடி தட்டறீங்க. அடுத்தத தட்டுங்க."