மூன்று சிவப்புப் பொத்தான்கள்

வானம் முழுதாக வெளுப்பதற்குள் லேசரைக் குறிவைத்து முடித்தாக வேண்டும். லாரி தாமதமாக வந்ததால் கிழக்கே ஏற்கெனவே சாம்பல் பூத்திருந்தது. வேறொரு மைதானத்தில் மேடையைப் பிரித்த கையோடு, கண் மூடாமல் வந்திறங்கிய ஆட்கள், பனியில் நனைந்த அலுமினியச் சட்டங்களைத் தோளில் ஏற்றினார்கள். சட்டத்தின் குளிர் பனியனைத் தாண்டி எலும்பில் இறங்கியது. தேவனஹள்ளிப் பக்கத்துச் செம்மண் செருப்பில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு நடையிலும் காலைப் பின்னுக்கு இழுத்தது.

மேடையும் எதிர்க் கோபுரமும் முந்தின நாளே நிறுத்தியாகிவிட்டது; சாயங்காலம் இங்கே ஆட்டம். கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் இசை, அதன் அடிக்கு அடி வெட்டும் லேசர். டிக்கெட் வாங்கியவர்கள் பாட்டைவிட லேசரைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

"சரசக்கா, டீ வந்துச்சா?" எதிர்க் கோபுரத்தின் உச்சியிலிருந்து அர்ஜுனன் கத்தினான்.

"லாரியே இப்பத்தான் வந்துச்சு. டீ பின்னாடி நடந்து வருது, இரு," என்றாள் கேபிள் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்த சரசு. அவள் ஜீவனஹள்ளிக்காரி. அவன் ஈஜிபுராவில் வாடகைக்கு இருப்பவன். பல வருஷமாக ஒரே கம்பெனியில் சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

குறிவைப்பதற்கு ஏன் இருட்டு வேண்டும்? லேசர் கற்றைக்குத் தனியாக உருவம் கிடையாது. புகை இயந்திரம் கக்கும் நுண்துளிகளில் பட்டுச் சிதறும் ஒளிதான் நமக்குப் பச்சைக் கம்பியாகத் தெரிகிறது. வெயில் ஏறினால் அந்தக் கம்பி கரைந்துவிடும். ஆட்டம் நடக்கும்போது, பெட்டிக்குள் இருக்கும் இரண்டு சின்னக் கண்ணாடிகள் படபடவென்று அசைந்து கற்றையை ஓட விடுகின்றன. ஓடும் ஒளி எந்த இடத்திலும் தங்காது. குறிவைக்கும்போது மட்டும் அது அசையாமல் நிற்கும். அசையாத அந்த ஒளி நேராகக் கண்ணுக்குள் போனால், இமை மூடுவதற்கு முன்பே விழித்திரையைச் சுட்டுவிடும். சுட்ட இடம் திரும்ப வளராது.

அதனால்தான் இந்தத் தொழிலாளர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. லேசர் பெட்டியை ஒரு சாவியைத் திருப்பித்தான் உயிர்ப்பிக்க முடியும். கற்றை போகும் பாதையில் யார் ஏறுகிறாரோ, அவர் அந்தச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஏறுவார். அவர் இறங்கித் தன் கையால் சாவியைக் கொடுக்கும்வரை கீழே யாரும் எதுவும் செய்ய முடியாது.

அன்றைக்கும் சாவி அர்ஜுனன் பையில்தான் இருந்தது. கற்றையை வாங்கித் திருப்பி அனுப்பும் வட்டக் கண்ணாடியை அவன் கோபுரத்தில் முடுக்கிக்கொண்டிருந்தான். எதிரே, மேடையின் உயரத்தில், திடீரென்று பச்சைக் கம்பி நீண்டது.

சரசு நடு மேசையிலிருந்த சிவப்புப் பொத்தானை அறைந்தாள். கற்றை அணையவில்லை. மறுபடி அறைந்தாள். அணையவில்லை. அப்புறம் ஓடிப்போய் மின்சாரக் கேபிளையே இரண்டு கையாலும் பிடுங்கி எறிந்தாள்.

கோபுரத்தில் அர்ஜுனன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கோபுரச் சட்டத்தைக் கட்டிப்பிடித்திருந்தான். அவனோடு ஏறுகிற பாலகுமார்தான் போய் இறக்கிக்கொண்டு வந்தான்.

"அக்கா, உன் மூஞ்சி தெரியல," என்றான் அர்ஜுனன் அமைதியாக. "சுத்தி எல்லாம் தெரியுது. பாக்கற எடம் மட்டும் கறுப்பா இருக்கு."

முதலாளி சுதீர் மேடைப் பக்கமிருந்து வேகமாக வந்தார். புகை இயந்திரம் பார்க்கும் லாவண்யாவைத் தனியே கூப்பிட்டார். "ஆட்டோவுல கூட்டிட்டுப் போ. ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்ல ஏதோ பொம்மை லைட்டைப் பாத்துட்டான்னு சொல்லு. புரியுதா?"

லாவண்யா அர்ஜுனனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பொத்தான் ஏன் வேலை செய்யவில்லை என்று சரசு பார்த்தாள். மேடையின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, நடு மேசையில் ஒன்று, ஆக மூன்று சிவப்புப் பொத்தான்கள். மூன்றையும் கோர்த்து ஒரே கம்பி ஓடி லேசர் பெட்டியின் முதுகில் போய்ச் செருகிக்கொள்ளும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கம்பி அறுந்த மாதிரி, பெட்டி செத்துவிடும். அமுக்கிய பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், திருகினால்தான் வெளியே வரும். நிறுத்த ஒருவர் போதும். திரும்ப எரிய வைக்க மூன்றும் விடுபட வேண்டும்.

பாலகுமார் மேடைச் சட்டத்தில் ஏறினான். பெட்டியின் முதுகில் பொத்தான் கம்பி கழற்றப்பட்டுத் தொங்கியது. அந்தத் துளையில் விரல் நீளத்துக்கு ஒரு டம்மி பிளக் செருகியிருந்தது. உள்ளே இரண்டு முனையையும் முறுக்கிச் சேர்த்திருந்தார்கள். இது இருந்தால் பெட்டிக்கு எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தோன்றும். பாலகுமார் அதைப் பிடுங்கி, பழைய கம்பியைச் செருகிவிட்டு இறங்கினான். டம்மியைச் சரசுவின் கையில் வைத்தான்.

"யாரு வச்சது இது?" என்று கேட்டாள் சரசு.

சுதீர் மறைக்கவில்லை. "நான்தான். போன வாரம் ஒரு குடிகாரன் வேலியில ஏறினான்னு நீ பொத்தானை அமுக்கின. மொத்தமா இருட்டு. ஆட்டம் நடத்துற பார்ட்டி என் மேல எகிறினான். உன் ஒரு விரல்ல என் கம்பெனி தொங்கணுமா?"

"அவன் மூஞ்சி லேசர் பீமுக்கு நேரா இருந்துச்சு சார்."

"இருந்தா? அவன் என்ன உன் தம்பியா?"

"இன்னிக்கு அர்ஜுனன் நின்னான். அவனும் உங்க தம்பி இல்லதான்."

"வாயை அளந்து பேசு."

"சாவி அவன் பையில இருந்துச்சே. நீங்க எதால ஆன் பண்ணீங்க?"

சுதீர் இடுப்புக் கொத்தை எடுத்து ஆட்டினார். அதில் புதிதாக வெட்டிய கள்ளச் சாவி ஒன்று பளபளத்தது. "என் மெஷின், என் சாவி. வெயில் ஏறுது, அவன் மேல கண்ணாடியைத் தடவிக்கிட்டிருக்கான். நான் வேடிக்கை பாக்கணுமா? தலையைத் திருப்பிக்கத் தெரியணும். நானும் ஏறினவன்தான். ஆஸ்டின் டவுன்ல இருந்து தோள்ல வயரைத் தூக்கிட்டு வந்தவன்தான். எனக்கு எந்தக் கண்ணும் போகல."

"உங்களுக்குப் போகல," என்றாள் சரசு. "நீங்க ஏறினப்ப சாவி உங்க பையில இருந்துச்சு."

அந்த வழக்கத்தை அறியாதவர் அல்ல சுதீர். அறிந்தே அறுத்தவர்.

சரசுவின் போன் அடித்தது. லாவண்யா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேக்கறாங்க. சார் பொம்மை லைட்டுனு சொல்லச் சொன்னாரு. எந்த லைட்டுனு தெரிஞ்சாத்தான் சரியா வைத்தியம் பாக்க முடியுமாம். நான் என்ன சொல்றது?"

"சொன்னா நாளைக்கு உங்க யாருக்கும் இங்க வேலை கிடையாது," என்றார் சுதீர் போனுக்குக் கேட்கும்படியாக.

"நடந்ததைச் சொல்லு லாவண்யா," என்றாள் சரசு. "பெட்டி பேரு, பவரு, எல்லாத்தையும் சொல்லு. முதலாளி ஆன் பண்ணாருன்னும் சொல்லு."

போனை வைத்துவிட்டு நடு மேசைக்குப் போனாள். பிடுங்கிய மின்சாரக் கேபிளைத் திரும்பச் செருகி, சிவப்புப் பொத்தானைத் திருகி வெளியே விட்டு, மறுபடி அமுக்கினாள். இந்த முறை, மேலே பெட்டியின் சின்ன விளக்கு அணைந்தது. பாலகுமார் ஊரிலிருந்து வந்து வருஷம்கூட ஆகவில்லை. அவன் போய் வலப்பக்கத்துப் பொத்தானை அமுக்கினான். லாவண்யா வழக்கமாக நிற்கும் இடப்பக்கத்துப் பொத்தானையும் அமுக்கிவிட்டு, வலப்பக்கத்துக்கே திரும்பி வந்து பொத்தானின் மேல் கையை வைத்து நின்றான்.

"டம்மி எங்ககிட்ட இருக்கட்டும். கள்ளச் சாவியையும் குடுங்க," என்றாள் சரசு. "வேலையில அடிபட்டதுன்னு நீங்களே ஆஸ்பத்திரியில வந்து சொல்லுங்க. அப்புறம் திருகறோம்."

"ஒரு துண்டு வயர் போதும், நானே இன்னொரு டம்மி செஞ்சுக்குவேன்."

"செய்யுங்க. மேல ஏறித்தான் மாட்டணும். ஏறுங்க சார், நீங்க ஏறினவர்தானே."

சுதீர் அண்ணாந்து பார்த்தார். தொப்பை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. யாரோ சிரித்தார்கள்.

வெயில் ஏறி, சாய ஆரம்பித்தது. சுதீர் போனில் யார் யாரையோ கூப்பிட்டார். ஆள் கிடைக்கவில்லை. வாசலில் டிக்கெட்காரர்களின் இரைச்சல் கேட்கத் தொடங்கியதும் அவர் விறுவிறுவென்று இடப்பக்கம் போய், காவல் இல்லாத பொத்தானைத் திருகினார். அது துள்ளி வெளியே வந்தது.

"ஒண்ணு ஆச்சு," என்றார். நேராகப் பாலகுமாரிடம் வந்தார். குரல் தேனாகியிருந்தது. "பாலா, நீ விவரமான ஆளு. அர்ஜுனன் எடம் இனிமே உனக்குத்தான். கையை மட்டும் எடு."

பாலகுமார் பொத்தானின் மேலிருந்த கையை இன்னும் அழுத்தினான். "அர்ஜுனன் எடம் அந்தக் கோபுரத்து மேல சார்," என்றான். "அங்க நான் ஏறினா சாவி யார் பையில இருக்கும்?"

கையை எடுக்கவில்லை.

சுதீர் திரும்பி, ஸ்பீக்கர் அடுக்கும் உமேஷைக் கூப்பிட்டார். உமேஷ் வேறு கம்பெனிக்காரன், கன்னடக்காரன், காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன். "உமேஷ், நின் ஹுடுகரை, உன் பசங்களை அனுப்பு. இவங்களைத் தள்ளி விட்டுட்டு ஒருத்தனை மேல ஏத்து. உன் கம்பெனிகிட்ட நான் பேசிக்கறேன்."

உமேஷ் கிரீஸ் அப்பிய கையை லுங்கித் துணியில் துடைத்தபடி வந்தான். சுதீரைத் தாண்டிப் போனான். சரசுவையும் தாண்டிப் போனான். இடப்பக்கம் துருத்திக்கொண்டிருந்த பொத்தானின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினான்.

டக்.

"பேடா சார், வேணாம்," என்றான் திரும்பாமலே. "நம்ம ஹுடுகரும் இதே கம்பியிலதான் ஏர்றாங்க."

அவன் ஆட்களில் இரண்டு பேர் வந்து அவன் பக்கத்தில் நின்றார்கள். சுதீர் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நடந்தார். யாரிடம் பேசப் போகிறார், போலீஸா, பார்ட்டியா, வேறு ஆட்களா, தெரியாது. புகை மட்டும் மேடையைத் தாண்டி உருண்டு வந்தது, உள்ளே ஒரு பச்சைக் கம்பியும் இல்லாமல்.

சரசுவின் போன் அடித்தது. இந்த முறை அர்ஜுனனே பேசினான்.

"அந்தப் புள்ளி இன்னும் இருக்குக்கா. போகுமா போகாதான்னு இப்ப சொல்ல முடியாதாம். லாவண்யா பொத்தானைப் பத்திச் சொன்னா. இன்னும் அமுங்கித்தான் இருக்கா?"

"அமுங்கித்தான் இருக்கு."

"எத்தனை?"

"மூணும்."

"மூணு எப்படி? லாவண்யா இங்க என் பக்கத்துல இருக்காளே."

சரசு இடப்பக்கம் பார்த்தாள். உமேஷ் கையை எடுக்கவில்லை.

"மூணும்தாண்டா," என்றாள்.