சாம்பிராணி போட்ட சரக்கு

"நல்ல நாளுன்னா எப்படிப் பாப்பா? சம்பளம் போடுற நாளா?"

"அது இல்லக்கா. இங்க வேலை பாத்ததுல, இன்னைக்கு நெனைச்சாலும் மனசுக்குச் சந்தோசமா இருக்குற ஒரு நாள்."

"கரண்டு போன நாளு," என்றாள் குருவம்மாள், பேண்டேஜ் சுருளை உறைக்குள் தள்ளியபடி. "சாயங்காலம் வரைக்கும் வரல. அம்புட்டுப் பேரும் சுவத்துல சாஞ்சு தூங்குனோம். அதை எழுதிக்கோ, பாப்பா. முதலாளி படிச்சுட்டு அழட்டும்."

பேக்கிங் கூடம் முழுக்கச் சிரித்தது. ஜுவைரியாவும் சிரித்தாள். ஆனால் மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து அந்தக் கால் நிற்கவில்லை.

ராஜபாளையத்தில் நெய்து, வெளுத்து, வெட்டிய துணி ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் இந்தச் சின்ன யூனிட்டுக்கு வரும். இங்கே பெண்கள் அதைச் சுருட்டி, உறையில் போட்டு, பின்கட்டில் உள்ள நீராவி அறையில் கிருமி நீக்கி, பெட்டியில் அடுக்குவார்கள். கம்பெனி ஜுவைரியாவின் பெரியத்தா, அவள் அப்பாவுக்கு அண்ணன், ஹபீப் ரகுமானுடையது. மதுரையில் எம்.பி.ஏ. முடித்து வந்தவளுக்கு அவர் ஆபீசில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். நாற்காலி மட்டும்தான். அதற்கு வேலை எதுவும் இல்லை.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஆலோசகர் வந்தார். மீட்டிங் அறையின் வெள்ளைப் பலகையில் நான்கு கட்டம் போட்டார். பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. பலவீனத்துக்குக் கீழே 'ஸ்ரீவி. யூனிட்' என்று எழுதினார். ஆபத்துக்குக் கீழேயும் அதையே எழுதினார். அழியாத மை பேனாவை எடுத்து எழுதிவிட்டதை அவரும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை. அவர் போய்விட்டார், கட்டம் போகவில்லை. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் டீ குடித்தார்கள். யூனிட்டை மூடிவிட்டு மெஷின்களை ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்ற பேச்சு, டீயோடு டீயாகச் சூடாகவே இருந்தது.

"கட்டத்துக்குள்ள மனுசங்களே இல்ல, பெரியத்தா," என்று ஜுவைரியா ஒருநாள் சொல்லிவிட்டாள். "எது கெட்டுப்போச்சுன்னு நாம கேட்டுக்கிட்டே இருக்கோம். எது நல்லா நடந்துச்சு, அன்னைக்கு என்ன இருந்துச்சு, அது மறுபடி நடக்க என்ன வேணும்னு அங்க வேலை பாக்குறவங்ககிட்டயே கேட்டுட்டு வாறேன். அதுக்கப்புறம் மூடுறதுன்னா மூடுங்க."

"கேட்டு?"

"கதையா கொண்டு வாறேன்."

"கதை கொண்டு வர்றாளாம்," என்று பெரியத்தா சிரித்தார். ஆனால் போகச் சொன்னார்.

இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, நல்ல நாளைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் முதலில் கேலி செய்வார்கள், பிறகு சந்தேகப்படுவார்கள். ஜன்னலுக்கு வெளியே மலை நின்றது. மேகம் அதன் தோளில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மேகத்தைக்கூட ஒரு இடத்தில் இருக்க விடாத ஊர் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

டீக்கு மணி அடித்துக் கூடம் காலியானபோது ஒருத்தி மட்டும் எழுந்திருக்கவில்லை. பாண்டீஸ்வரி. லைனுக்குத் தலைவி. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள்.

"ஒரு நாளு இருக்கு," என்றாள். "ஆனா அது வெளியில போகாதுல்ல?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா. நான் பொறுப்பு."

பாண்டீஸ்வரி தலையில் மாட்டியிருந்த வலைத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன ஆடிப்பூரம், தேரன்னைக்கு. லீவு நாளுதான். ஆனா ஆஸ்பத்திரிக்கு அவசரமா சரக்கு வேணும்னுட்டாக. வந்து அடுக்கிட்டோம். லாரியை ஊருக்குள்ள விடல. டிரைவர் சங்கிலிப்பாண்டி போன் போட்டு, 'யக்கா, பைபாஸ்ல நிக்கேன், தேர் நிலைக்கு வந்தாத்தான் விடுவாகளாம்'ங்கான். நீ அங்கனயே நில்லுலே, நாங்க வாறோம்னுட்டேன்."

"நாங்கன்னா?"

"நாங்கதான். ஆளுக்கொரு பெட்டி தலையில. கூட்டத்துக்குள்ள போறோம், ஒரு அம்மா கையை நீட்டிக்கிட்டு, 'புளியோதரையா, சர்க்கரைப் பொங்கலா'ன்னு கேக்குது. இந்தக் குருவு சொல்லுதா, 'பேண்டேஜ் பொங்கல்மா, காயம்பட்டா வா'ன்னு."

ஜுவைரியா வாய்விட்டுச் சிரித்தாள். பாண்டீஸ்வரி சிரிக்கவில்லை. அவள் இப்போது அந்தச் சந்துக்குள் இருந்தாள்.

"பாதி தூரம் போகல, மழை பிடிச்சுக்கிட்டு. பெட்டி நனைஞ்சா அம்புட்டும் போச்சு. என் வீடு அந்தச் சந்துலதான். உள்ள கொண்டாந்துட்டோம். தேருக்கு வந்த சொந்தக்காரங்க இலை போட்டு உக்காந்திருக்காக. எந்திரிங்கன்னுட்டேன். எங்க நாத்தனா பாயாச டம்ளரோட பக்கத்து வீட்டுக்கு ஓடுதா. இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டுதா. பொறவு தரையைக் கழுவி, துடைச்சு, தார்ப்பாய் விரிச்சு, ஒரு செருப்பை உள்ள விடல. சாம்பிராணி போட்டேன்."

"சாம்பிராணியா?"

"ஆபரேசன் பண்ணுற சரக்குல்லா, பாப்பா? சோறு தின்ன எடத்துல அப்படியே வைக்க மனசு கேக்குமா? மூலை மூலையா காட்டிட்டுத்தான் பெட்டியை உள்ள வச்சேன்."

அவள் தொப்பியின் ஓரத்தை விரலால் சுருட்டினாள்.

"தேர் நிலைக்கு வந்து லாரி வாற வரைக்கும் வாசல்ல காவலுக்கு நின்னேன். தேர் இழுக்குற சத்தம் கேக்குது. வருசா வருசம் வடத்தைத் தொட்டுருவேன். அன்னைக்குப் போகல. ஆனா ஒண்ணும் விட்டுப்போன மாதிரி இல்ல. கம்பெனி எங்கேயோ இருக்குன்னுதான் நெனைச்சிருந்தேன். அன்னைக்கு என் வீட்டுக்குள்ள இருந்துச்சு. அதான் நல்ல நாளு. போதுமா?"

மறுநாள் காலை ராஜபாளையத்து மீட்டிங் அறையில் ஜுவைரியா உட்காரவே இல்லை, நின்றுகொண்டே சொன்னாள். முன்னால் பெரியத்தாவும், தரக்கட்டுப்பாட்டு அதிகாரி கௌதம்ராஜும் இருந்தார்கள். பெயர் எதுவும் அவள் சொல்லவில்லை, 'ஒரு அக்கா' என்றுதான் சொன்னாள். பொங்கல் கேட்ட அம்மாவைச் சொன்னாள். மழையைச் சொன்னாள். பாதி வழியில் இருந்த சந்து வீட்டைச் சொன்னாள். பாயாசத்தோடு ஓடிய நாத்தனாரைச் சொன்னபோது பெரியத்தா தொடையில் தட்டிச் சிரித்தார். சாம்பிராணிப் புகை மூலை மூலையாகப் போனபோது அந்த அறையிலும் யாரும் அசையவில்லை. தான் எங்கோ தூர தேசத்தில், தெரியாத மொழி பேசும் ஒரு ஊரின் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதுபோல அவளுக்கு ஒரு மயக்கம் வந்தது. அவ்வளவு அழகாக இருந்தது.

முடித்ததும் பெரியத்தா எழுந்தார். கைக்குட்டையால் பலகையைத் துடைத்துப் பார்த்தார். கட்டம் அழியவில்லை. ஸ்பிரிட் கொண்டுவரச் சொல்லிப் பஞ்சில் நனைத்து, 'ஸ்ரீவி. யூனிட்' என்பதை இரண்டு இடத்திலும் தானே தேய்த்தார்.

"சொந்தக்காரனை எழுப்பிவிட்டு நம்ம சரக்கை வீட்டுக்குள்ள வச்சிருக்கு ஒரு பொம்பள. இதைப் போய் மூடச் சொன்னான் அந்த ஆளு. யூனிட் இருக்கும்மா. அந்த வீட்டுக் கதையைக் கேட்டதும் முடிவு பண்ணிட்டேன்."

ஜுவைரியாவின் கால் அப்போதுதான் நின்றது.

கௌதம்ராஜ் பேனாவை மூடி மேசையில் வைத்தார். "சார், அது கிருமி நீக்குன சரக்கு. ஒரு வீட்டுல, புகைக்குள்ள இருந்துட்டுப் போயிருக்கு. அது சுத்தம்னு என் கையெழுத்துல போயிருக்கு."

"பெட்டி மூடித்தானே இருந்துச்சு? ஒரு புகார் வரலியே, ராஜு?"

"வரல, சார். வந்தா நான் உள்ள போவேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்காரங்க ஆடிட் இருக்கு. ரூமுக்குள்ள ஈ வந்தா எழுதிவைக்கிற ஆளு நான். இப்ப நான் கேட்டுட்டேன். கேக்காத மாதிரி இருக்க எனக்குத் தெரியல."

அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அதனால்தான் ஜுவைரியாவால் அவரை வெறுக்க முடியவில்லை. யாராவது ஒருவரைக் கட்டத்துக்குள் போட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கே தோன்றியது.

"அந்தச் சந்துல வீடு இருக்குறது பாண்டீஸ்வரிக்குத்தான்," என்றார் கௌதம்ராஜ். "நாளைக்குக் காலையில அங்க வச்சே விசாரிச்சிருவோம். ஜுவைரியாவும் வரட்டும். அந்தம்மா என்ன சொன்னாங்களோ அதை அப்படியே சொன்னாப் போதும்."

"பெரியத்தா..."

பெரியத்தா பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். பலகையில் கட்டங்களின் கோடு இன்னும் இருந்தது.

"அந்தம்மா உன்கிட்ட சொன்னது நெசம்னா அவங்கள வேலையை விட்டு நிறுத்தித்தான் ஆகணும். இல்லேன்னா ஆடிட்டுல யூனிட்டே போயிரும். யூனிட் தப்பிச்சிருச்சுல்ல? அதைப் பாரும்மா."

"நான் பொறுப்புன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நீ யாரும்மா பொறுப்பு சொல்ல?" என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

மதியமே அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினாள். உட்கார இடம் இருந்தும் நின்றாள். ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, பஸ்ஸைவிட வேகமாகப் போய்விடுகிறவள்போல நடந்தாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மலைப்பக்கம் மட்டும் இருட்டிக்கொண்டிருந்தது.

பாண்டீஸ்வரிக்கு அன்று காலை ஷிப்ட். வீட்டுக்கு வந்து அப்போதுதான் தட்டில் சோறு போட்டிருந்தாள். ஒரே அறை. தேரன்று பெட்டிகளை அடுக்கிய அறை என்று ஜுவைரியாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். யூனிட்டை மூடப்போவதில்லை என்பதை முதலில் சொன்னாள். அதை முதலில் சொன்னது தப்பு என்று சொல்லும்போதே தெரிந்தது. பாண்டீஸ்வரியின் முகம் ஒரு நொடி மலர்ந்துவிட்டது.

மீதியைக் கேட்ட பிறகு அவள் சோற்றைப் பிசைந்தாள். சாப்பிடவில்லை.

"நல்ல நாளைச் சொல்லுன்னு நச்சரிச்சே," என்றாள். "கெட்ட நாளைக் கேட்டிருந்தா ஊரு முழுக்கச் சொல்லியிருப்பேன். ஒருத்தனும் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டான்."

"நான் பேசிப் பாக்குறேன்க்கா. மறுபடியும் பெரியத்தாகிட்ட..."

"அவிய நல்லவிய. நல்லவிய வேற என்ன பண்ணுவாக?" அவள் தண்ணீர் குடித்தாள். "எங்க வீட்டுக்காரருக்குத் தறி ஓடுனா ஓட்டம், நின்னா நிப்பு. என் வேலையை வச்சுத்தான் இந்த வீடு. அது உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும்னும் நான் சொல்லல. செத்த நேரம் உக்காரேன், ஏன் நின்னுக்கிட்டே இருக்கே?"

ஜுவைரியா உட்கார்ந்தாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. மூலையில், சுவரும் தரையும் சேருமிடத்தில், புகை படிந்த மங்கல் ஒன்று தெரிந்தது. அன்றைய சாம்பிராணியா, தினம் போடும் சாம்பிராணியா என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த அறை இல்லாவிட்டால் பெரியத்தா ஸ்பிரிட் கேட்டிருக்க மாட்டார். இந்த அறை இருப்பதால் நாளைக்குக் காலையில் பாண்டீஸ்வரி லைனில் இருக்க மாட்டாள். அவள் கால் மறுபடியும் ஆடத் தொடங்கியது. கையால் அதைப் பிடித்து அழுத்தினாள்.

வெளியே குருவம்மாளின் குரல் கேட்டது. "ஏட்டி பாண்டி, ராஜபாளையத்துப் பாப்பா வந்திருக்காமே? நம்ம யூனிட்ட மூடலயாமே? காபி போடு, வாறேன்!"

பாண்டீஸ்வரி வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, பிசைந்த கையை இடது கையால் ஏந்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"நாளைக்கு அவிய முன்னாடி நீ மறுபடியும் ஒருக்கா சொல்லணும்லா? சொல்லு. தேரைச் சொல்லு. மழையைச் சொல்லு. பொங்கல் கேட்ட அந்த அம்மாவைச் சொல்லு, எல்லாரும் சிரிக்கட்டும். மழையில ஓடிப்போய் நேரா லாரியில ஏத்திட்டோம்னு சொல்லு. என் வீட்டை மட்டும் விட்டுட்டுச் சொல்லு, பாப்பா. சொல்லுவியா?"