துலுக்கானம் போட்ட நட்சத்திரம்

துலுக்கானம் தூங்கும்போது அவருடைய வலது கை மட்டும் தூங்காது. நைட் ஷிப்ட் முடிந்து வந்து, கஞ்சியைக் குடித்துவிட்டுப் பாயில் சாய்ந்தால் அடுத்த நிமிஷமே குறட்டை. ஆனால் ஓட்டு இடுக்கு வழியாக வெயில் இறங்கி மார்பில் விழும் நேரத்தில் அந்தக் கை மெல்ல எழும். எதையோ பிடித்த மாதிரி விரல்கள் குவியும். காற்றில் வளைந்து போகும், நிற்கும், திரும்பி வரும். மகள் வசந்தகுமாரி விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மனுஷன் இங்கே கிடக்கிறார், கை மட்டும் எங்கேயோ போயிருக்கிறதே, எங்கே?

இதையெல்லாம் கேட்பதற்கென்றே மனோதத்துவம் என்று ஒரு படிப்பு இருக்கிற விஷயம் பி.யூ.சி. படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஆவடி ஸ்டேஷனில் இறங்கி அண்ணனூருக்கு எப்படி நடந்து வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கால் தரையில் பட்டால்தானே!

அம்மா குப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கீழ்ப்பாக்கத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் படிப்பாடி அது? நாளைக்கு எவன் உன்ன கட்டிக்கினு போவான்?"

துலுக்கானம் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு வேறு வீம்பு. "படிக்கிறதுன்னா பெரிய காலேஜா பாத்துப் படி. சும்மா குடுக்குறானுங்கோன்னு எதுலயாவது பூந்துகினு வராதே. ஒண்ணு அங்க, இல்லாங்காட்டி டைப்பு கிளாஸு. அவ்ளோதான்."

மனோதத்துவம் இருந்த இடமாக அவள் விசாரித்து வைத்திருந்தது இரண்டே கல்லூரி. ஒன்று, தோட்டமும் வளைவு வாசலுமாக இருந்த பெரிய கல்லூரி. இன்னொன்று கடற்கரைப் பக்கத்து அரசாங்கக் கல்லூரி. அரசாங்கக் கல்லூரியில் ஒரு வருஷப் படிப்புச் சம்பளம் முழுக்கக் கட்டும் பணம் பெரிய கல்லூரியில் ஒரு டேர்முக்குப் பற்றாது. சல்லிசாகக் கிடைப்பது சரக்காக இருக்காது என்பது துலுக்கானத்தின் கட்சி. அந்தக் கட்சியை அசைக்க ஆள் கிடையாது.

எழுபத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம், விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள். ஷிப்ட் முடிந்து வந்த மனுஷன் கண்கூட மூடாமல் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சட்டைப் பையில் வழக்கம்போல அந்த வட்டக் கண்ணாடி. உள்ளங்கையில் அடங்கும், ஓரமெல்லாம் நெருப்புப்பொறி பட்டுப் புள்ளி புள்ளியாக இருக்கும். மீசையைப் பார்த்துக்கொள்ளத்தான் வைத்திருக்கிறார் என்று தெருவே சிரிக்கும். "உங்கப்பனுக்கு ஷோக்கப் பாரு" என்பாள் குப்பம்மா. வசந்தகுமாரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பெரிய கல்லூரி, சும்மா சொல்லக்கூடாது, சொர்க்கம் மாதிரிதான் இருந்தது. தரையில் முகம் தெரிந்தது. மனோதத்துவ அறையைக் காட்டினார்கள். கருவிகள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி இருந்தன, பெயர்ச் சீட்டுகள்கூட மங்காமல். "தொடக்கூடாது" என்று ஒரு அட்டை. துலுக்கானம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்புறம் ஆபீஸில் படிப்புச் சம்பளம் எழுதிய தாளை நீட்டினார்கள். மகள் படித்துச் சொன்னாள். அவருடைய மூன்று மாதக் கூலி ஒரு டேர்முக்கு. அவர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"வா, ஊட்டுக்குப் போலாம்."

"நைனா, இன்னொண்ணு கீதே. வந்தது வந்தோம், பாத்துட்டாவது போலாம் நைனா." அவள் தாவணி முனையால் கண்ணைத் துடைத்தாள். அழுகிற பெண்ணைத் தெருவில் வைத்துக்கொண்டு எந்த அப்பன் என்ன செய்வான்? பஸ் ஏறினார்.

அரசாங்கக் கல்லூரியின் நீண்ட தாழ்வாரம் முழுக்கக் கடல் காற்று. நடக்க நடக்கத் தாழ்வாரம் முடிகிற வழியாக இல்லை. தூக்கமில்லாத அப்பாவும் கனவு காணும் மகளுமாக மனோதத்துவத்துக்கென்று இருந்த ஒரு சின்ன அறை வாசலில் போய் நின்றார்கள். பழைய மேஜை ஒன்று, விளிம்பெல்லாம் கை பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. அதில் ஒரு கண்ணாடி நிமிர்த்தி வைத்திருந்தது. எதிரே ஒரு மாணவன் பென்சிலோடு வேர்த்து விறுவிறுத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற மாணவி கையில் கடிகாரம்.

அவள் பெயர் பத்மா. வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும், "ஐயா, நீங்க வந்து உக்காருறீங்களா? இந்தச் சோதனைக்கு வெளியாள் வேணும்" என்றாள்.

"நானா? நான் இன்னாத்துக்கும்மா?"

"கையை இந்தப் பலகை மறைச்சிடும். கண்ணாடியில மட்டும் பாத்து, இந்த நட்சத்திரத்துக் கோட்டு மேலயே பென்சில ஓட்டணும். எல்லாருக்கும் தப்பா வரும், கவலப்படாதீங்க."

தப்பாகத்தான் வந்திருந்தது. மாணவன் போட்டது கோழி கிளறின மாதிரி இருந்தது. அடுத்து வசந்தகுமாரி முயன்றாள். மேலே போக நினைத்தால் பென்சில் கீழே போனது. முதல் முனையிலேயே மாட்டிக்கொண்டு சிரித்துவிட்டாள்.

துலுக்கானம் உட்கார்ந்தார். கண்ணாடியைப் பார்த்தார். விரல்கள் குவிந்தன. வசந்தகுமாரி ஓர் எட்டு முன்னால் வந்தாள். பாயில் தூங்கும்போது வரும் அதே குவிப்பு! பென்சில் புறப்பட்டு, நிதானமாக, கோட்டை விட்டுப் பிசகாமல் ஆறு முனையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது.

அறையே கூடிவிட்டது. "ஐயா, எப்படி?"

அவர் கூச்சத்தோடு பையிலிருந்து வட்டக் கண்ணாடியை எடுத்து மேஜையில் வைத்தார். "நான் வெல்டரும்மா. கொழாய்க்குப் பின்னால தல பூராது. இத்த வெச்சிப் பாத்துக்கினுதான் வெல்டு அடிக்கணும். இருவது வருசமா இதாம்மா வேல."

அடடா, மீசைக்கில்லை! இத்தனை வருஷம் வீட்டில் சிரித்ததை நினைத்து வசந்தகுமாரிக்குக் கண் கரித்தது.

"கை எப்படிப் பழகுச்சு?" என்றாள் பத்மா.

"கண்ணாடில கண்ணு ஏமாத்தும். அத்த நம்பக்கூடாது. கை போற எடத்துக்கு வுட்றணும்."

பத்மா அதை அப்படியே நோட்டில் எழுதினாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், தொழில் கேட்டாள். மூன்றையும் நட்சத்திரத்துக்குக் கீழே எழுதினாள். துலுக்கானம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை ஹாஜர் புத்தகத்தைத் தவிர வேறெதிலும் அவர் பெயரை யாரும் எழுதியதில்லை.

"இங்க ஆபீசு எத்தினி மணிக்கு மூடுவாங்கோ?" என்று கேட்டார்.

விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூக்கம் அவரை அள்ளிக்கொண்டு போனது. வில்லிவாக்கம் தாண்டியது. மஞ்சள் வெயில் மார்பில் விழுந்தது. கை மெல்ல எழுந்தது.

வசந்தகுமாரி பார்த்துக்கொண்டே இருந்தாள். போனது, திரும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. அம்பத்தூரில் நிறையப் பேர் இறங்கினார்கள். அவள் எண்ணுவதை நிறுத்தவில்லை. நாலு, ஐந்து, ஆறு. நட்சத்திரத்தின் ஆறாவது முனையைச் சுற்றிவிட்டுக் கை மடியில் இறங்கியது. இத்தனை வருஷமாக எங்கே போகிறதென்று தெரியாத கை. இன்றைக்கு அது எங்கே போய்விட்டு வந்தது என்று அவளுக்குத் தெரியும்.