எட்டு எட்டு ஆறு

ஷின்ச்சு நகரின் பேஜர் நிறுவனம் பழைய கருவிகளைக் காட்சிக்கு வைத்து விழா எடுத்தது. அனுப்பும் இயந்திரம் மக்கர் செய்யாமலிருக்க அதன் தலையில் பச்சை குவாய்குவாய் நொறுக்குப் பொட்டலம் ஒன்று; 'சமத்தாக இரு' என்று அந்தப் பெயருக்குப் பொருள். அதன் காலாவதித் தேதியை மூவர் சரிபார்த்தார்கள். பொறியாளர் ஜியனின் உரை எவ்வளவு நீளம் என்று ஒருவரும் பார்க்கவில்லை.

"ஒவ்வொரு சேதியோடவும் காவலுக்குக் கொஞ்சம் கூடுதல் புள்ளிங்க போகும். வழியில ரெண்டு புள்ளி கெட்டாலும் பேஜரே திருத்திடும். நம்மகிட்ட பிழைங்கற பேச்சே இல்ல!"

மூன்று கெட்டால்? முன்பெல்லாம் 'படிக்க முடியவில்லை' என்று திரையில் ஒரு கோடு விழும். வாடிக்கையாளர்கள் திட்டினார்கள். ஜியன் கோட்டை எடுத்துவிட்டு, கெட்ட சேதிக்கு எது மிக நெருங்கி இருக்கிறதோ அந்த எண்ணையே காட்டச் செய்தார். புகார் நின்றது, பதக்கம் வந்தது. அது இப்போதும் அவர் மார்பில் தொங்கியது.

"போதும்டா ஜியன், பசிக்குது," என்றார் தலைவர் யென். சேதியைக் கெடுத்துக் காட்டும் இரைச்சல் குமிழைத் திருகிவிட்டு, குறும்பாக 995 அழுத்தினார். சீனத்தில் சொல்லிப் பார்த்தால் 'காப்பாத்து' என்று கேட்கும் எண்.

ஜியன் கையிலிருந்த அவருடைய பழைய பேஜர் கூவியது. 886. 'போய்ட்டு வரேன்.'

"காப்பாத்துன்னா டாட்டா காட்டுதுய்யா!" என்றார் யென். அரங்கம் சிரித்தது.

ஜியன் சிரிக்கவில்லை. பல வருடம் முன்பு ஒரு புயல் மாலையில், ஆற்றோர வீட்டிலிருந்து தம்பி ஆச்சுன் அனுப்பியதும் இதே பேஜருக்குத்தான், இதே 886தான். "கிளம்பிட்டான், கெட்டிக்காரன்," என்று சொல்லிவிட்டு அடுத்த கொழுக்கட்டையை எடுத்திருந்தார் ஜியன். வீட்டை ஆச்சுனோடு சேர்த்து ஆறு கொண்டுபோனது. 'சொல்லிட்டுத்தாம்மா போனான்' என்றுதான் அம்மாவையும் தேற்றி வைத்திருந்தார்.

"இன்னொரு தடவை!" என்றது கூட்டம்.

அவரே அனுப்பினார். 995 ஒருமுறை 995 ஆகவே வந்தது. மறுமுறை 886 ஆனது. 886 அனுப்பினார், அதுவும் 886. திரையில் இரண்டுக்கும் ஒரே முகம். எது அனுப்பியபடியே வந்தது, எது தடுமாறி வந்தது என்று சொல்லியிருக்கக்கூடிய கோட்டைத்தான் அவர் எடுத்துவிட்டாரே. மறுபடி அனுப்பினார். மறுபடி.

"என்னடா, தம்பிகிட்ட பேசற மாதிரி அழுத்திட்டே இருக்க? வா, போட்டோ!" என்றார் யென், ஒன்றும் தெரியாமல்.

ஜியன் போய் நின்றார். உள்ளங்கையில் பேஜர் மறுபடி கூவியது. இந்த முறை அவர் எதையும் அனுப்பியிருக்கவில்லை. குனிந்து பார்க்கத் துணிவின்றி, அதை மார்போடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"கையை எடுங்க சார்," என்றான் படம் எடுப்பவன். "மெடலை மறைக்குது."